மேட்டு பங்களாவிலிருந்து ஒரு டிரங்க் கால்

குற்றாலத்தில் துரைமார் தெருவின் பூமிக்குள் கிடந்த கடைசித் தாமிரக் கேபிளையும் போன மாதம் தோண்டி எடுத்துவிட்டார்களாம். எடுத்த இளம் பொறியாளர் எனக்குப் போன் செய்து, துக்கம் சொல்கிற குரலில் சொன்னார். நானும் பழக்க தோஷத்தில், "எப்ப எடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அந்தத் தெரு வரலாறு உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லுதாங்க. நம்ம டெலிபோன் ஆபீஸ் மலருக்கு எழுதித் தாங்களேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் நான் வரலாற்றுப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை என் அப்பா கடைசிவரை அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த லட்சணத்தில் என்னிடம் ஒரு தெருவின் வரலாறு. இதில் வேடிக்கை, அந்தத் தெருவை நான் கண்ணால் பார்த்தது மொத்தமே நாலைந்து தடவை. மற்றதெல்லாம் காதால் பார்த்ததுதான். தென்காசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குற்றாலத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. இப்போது பென்ஷனும் கொடுக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தென்காசி எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். பயிற்சி மதுரையில். அங்கே கற்றுக்கொண்டது இரண்டே விஷயம்: கோபத்தைக் குரலில் காட்டாதே, காதில் விழுந்ததை வாயில் கொண்டுவராதே. முதலாவதை வீட்டுக்கு வெளியே கடைப்பிடித்தேன். இரண்டாவதை இன்றைக்கு மீறுகிறேன். எனக்கு இருந்த ஒரே சொத்து குரல்தான். பெண் பார்க்கப் போன முதல் மூன்று வீட்டிலும், "பையனுக்குச் சத்தம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நாலாவது வீட்டில் பெண்ணின் அப்பாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். கல்யாணம் நடந்தது.

அப்போதெல்லாம் டயல் கிடையாது. போனின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் எங்கள் எக்ஸ்சேஞ்ச் போர்டில் அந்த வீட்டுக்கான சின்னத் தகடு 'டக்'கென்று விழும். நாங்கள் அதற்குக் கீழே இருக்கும் துளையில் கயிற்றின் முனையைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்போம். அவர்கள் கேட்கிற வீட்டுத் துளையில் கயிற்றின் மறுமுனையைச் செருகினால் இரண்டு வீடு பேசிக்கொள்ளும். வெளியூர் என்றால் டிரங்க் கால். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காலையில் பதிவு செய்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு மெட்ராஸ் கிடைத்தால் அது நல்ல நாள்.

போர்டின் கீழ் வரிசையில் ஏழு தகடுகள் துரைமார் தெருவுக்கு. ஏழு பங்களா. சாரல் காலத்தில் அந்த ஏழும் விழுந்து விழுந்து எங்கள் உயிரை வாங்கும். சாரல் முடிந்து பெரிய மனிதர்கள் ஊருக்குப் போய்விட்டால் அடுத்த வருஷம்வரை அவை விழாது. ஆனால் தினமும் காலையில் எல்லா லைனையும் மணி அடித்துச் சரிபார்ப்பது எங்கள் வேலை. அந்த வெறும் பங்களாக்களுக்கும் அடிப்போம். எடுப்பது காவல்காரர்கள்.

மூன்றாவது பங்களாவின் காவல்காரர் எடுத்ததும், "யாரும் இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவார். தன்னை அவர் ஆளாகவே கணக்கில் சேர்த்ததில்லை. ஐந்தாவது பங்களாவைக் காத்தது பேச்சியம்மா என்கிற அம்மாள். அவள் பேசினால் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். கடைசியாக மேட்டு பங்களா. மற்ற ஆறும் சரிவில் இருக்க, இது மட்டும் பாறை மேல் நின்றது. அதைக் காத்தவர் மாடசாமி அண்ணாச்சி. மூன்றாவது மணிக்குள் எடுத்து, "அய்யா பங்களா. மாடசாமி நிக்கேன்" என்பார். நின்றுகொண்டுதான் பேசுவார். தலையில் துண்டு கட்டியிருந்தால் அவிழ்த்துத் தோளில் போட்ட பிறகுதான் எடுப்பார் என்று பேச்சியம்மா சொல்லியிருக்கிறாள். மறுமுனையில் இருப்பது முதலாளியா, இந்த அற்ப ஆப்பரேட்டரா என்று எடுத்த பிறகுதானே தெரியும். அந்த வகையில் எனக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் அவர்.

தெருவின் வரலாறு எனக்கு அவர் வாயிலிருந்து, காலையில் மணி அடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பாளையங்கோட்டை வெயில் தாங்காத வெள்ளைக்கார துரைமார் சாரலுக்காகக் கட்டிய வீடுகள் அவை. வரும்போது சமையல்காரர், குதிரைக்காரர், தோட்டக்காரர், ஆயா என்று ஒரு படையையே கூட்டிவந்தார்கள். படைக்குப் பங்களாவுக்குப் பின்னால், ஓடைக்கரைப் பள்ளத்தில், மண் சுவரில் ஒரு வரிசை அவுட்ஹவுஸ். துரைமார் கப்பலேறிப் போனார்கள். பங்களாக்கள் ஜமீன் கைக்கும், பிறகு எஸ்டேட்காரர், மில் முதலாளி கைக்கும் மாறின. பள்ளத்து ஆட்கள் மாறவில்லை. "கதவு ஜன்னலோட எங்களையும் சேர்த்துத்தான தம்பி வித்தாவ" என்று மாடசாமி சிரிப்பார். அவருடைய தாத்தா ஒரு துரைக்குக் குதிரைக்காரர். ஆக, அந்தத் தெருவில் எல்லோரையும்விடப் பழைய குடி அவர்கள்தான். பட்டா என்கிற வார்த்தை மட்டும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியதே இல்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சாவி வைத்திருக்கிறவன் அந்தச் சாவிக்குரிய கூரையின் கீழே தலை சாய்க்கக் கூடாது. பெருக்கலாம், துடைக்கலாம், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கலாம், காலையில் ஜன்னலைத் திறந்து சாயங்காலம் மூடலாம். உட்காரக் கூடாது. படுக்கக் கூடாது. தன் வீட்டு ஆட்களை உள்ளே விடக் கூடாது. எந்தத் துரையின் கட்டிலில் எந்தக் காலத்தில் எவன் படுத்து மாட்டிக்கொண்டானோ, அதற்கான தண்டனையைப் பேரன்மார்வரை சுமந்தார்கள். போன்கூடப் பின்கட்டு நடையில், சமையலறையை ஒட்டி இருந்தது. ஹாலுக்குள் கால் வைக்காமலே எடுக்கலாம்.

ஒரு தடவை சம்பளம் வாங்கிய சந்தோஷத்தில் குற்றாலத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். இடுப்புக் கயிற்றில் சாவிக்கொத்து. ஹாலை வெளி ஜன்னல் வழியாகக் காட்டினார். பளபளவென்று சாய்வு நாற்காலி. "ஒரு தடவையாவது உக்காந்து பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். என்னவோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி ரஞ்சிதம் மேடம். எங்கள் சூப்பர்வைசர். பாளையங்கோட்டைக்காரர், எப்போதும் வெள்ளைச் சேலை, ஓசை எழுப்பாத செருப்பு. எங்களுக்குப் பின்னால் மேஜை. நாங்கள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் அவர் தன் ஹெட்செட்டை எங்கள் போர்டின் ஓரத்தில் செருகிக்கொள்வார். காதில் மிக லேசாக ஒரு 'க்ளிக்'. உடனே மறுமுனைக் குரல் கொஞ்சம் மெலியும். மேடம் வந்துவிட்டார் என்று அர்த்தம். திட்டியதே கிடையாது. பேசி முடித்ததும் பென்சிலால் தோளில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வார்த்தை அதிகம். இரண்டு என்றால் தப்பு. நான் பணியில் இருந்த நாட்களில் என் இடது தோள் மிருதங்கம் மாதிரி ஆகியிருந்தது.

காரணம், எனக்கு மற்றவர் குரலில் பேசும் வியாதி உண்டு. தாசில்தார், அரிசி மண்டி அண்ணாச்சி, மேட்டு பங்களா முதலாளி என்று யாருடைய குரலானாலும் ஒரு வாரம் கேட்டால் எனக்குப் படிந்துவிடும். வேலையில்லாத நேரத்தில் மற்ற ஆப்பரேட்டர்களைச் சிரிக்க வைப்பேன். ஒருநாள் திருநெல்வேலி போர்டில் இருந்த நண்பனை, எங்கள் கோட்டப் பொறியாளரின் மூக்கடைத்த குரலில், "என்னய்யா, திருநெல்வேலி தூங்குதா?" என்று அதட்டினேன். அன்றைக்குப் பார்த்து சோதனைக்கு வந்த பொறியாளரே அங்கே ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்திருந்தார். "இல்ல, நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்றார். மறுநாள் மெமோ வந்தது. ரஞ்சிதம் மேடம் அதை என் காபி டம்ளருக்கு அடியில் வைத்தார். "முதல்ல குடிங்க தம்பி. வாசிச்சா குடிக்க முடியாது" என்றார். அதற்குப் பிறகு எக்ஸ்சேஞ்சில் என் குரலிலேயே பேசினேன். யாரும் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் முதல் பாதியில் ஒரு ஐப்பசி. மலையில் நாலைந்து நாளாக விடாத மழை. அருவி பக்கம் போலீஸ் யாரையும் விடவில்லை என்றார்கள். அன்று மத்தியானம் போர்டில் பாதி லைன் இரைச்சல். மேட்டு பங்களாத் தகடு விழுந்தது. சாரல் இல்லாத காலத்தில் அந்தத் தகடு தானாக விழுந்து நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, மாடசாமி நிக்கேன். மெட்ராசுல அய்யாட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"என்ன அண்ணாச்சி?"

"கதவத் தொறக்கட்டான்னு."

விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். ஓடை கரையை உடைத்துவிட்டது. அவுட்ஹவுஸ் வரிசையில் இடுப்பளவு தண்ணீர், ஒரு சுவர் சாய்ந்துவிட்டது. ரோட்டுக்குப் போகிற தரைப்பாலம் மூழ்கிவிட்டது. மற்ற ஆறு பங்களாவிலும் தண்ணீர் ஏறுகிறது. ஏழு வீட்டு ஆட்களும் மேட்டு பங்களாவின் பின்படிக்கட்டில் மழையில் நிற்கிறார்கள். ஒருத்தி பச்சை உடம்புக்காரி, கையில் மாதம் திரும்பாத பிள்ளை. பின்கட்டுத் தகரக் கூரை காற்றில் போய்விட்டது. நடையில் நாலு பேருக்கு மேல் நிற்க முடியாது. நடைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. சாவி அவர் இடுப்பில்.

"தொறங்க அண்ணாச்சி. எதுக்குக் கேட்டுக்கிட்டு?"

"உத்தரவு இல்லாம எப்படித் தம்பி?"

அந்தச் சூழ்நிலையிலும் அவர் குரல் உயரவில்லை. பின்னால் பேச்சியம்மாவின் குரல் கேட்டது. உலகத்தையே ஏசிக்கொண்டிருந்தாள். "தொறந்து தொலையும் வே" என்று அவள் சொல்வதும், "கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்று இவர் சொல்வதும் கேட்டது. ஆளாளுக்கு ஒரு சாவி இடுப்பில் உள்ள தெரு அது. ஆனாலும் அவர் கையிலிருந்து ஒருவரும் சாவியைப் பிடுங்கவில்லை. கதவை உடைக்கவும் இல்லை.

எனக்கு வேறொரு சங்கடம். முதலாளிகள் இல்லாத மாதங்களில் அந்த ஏழு போனிலிருந்தும் வெளியூர் கால் பதிவு செய்யக் கூடாது. காவல்காரர்கள் ஊர் ஊராகப் பேசிவிடுவார்களாம். முதலாளிகள் அப்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து கால் வரலாம், இங்கிருந்து போகக் கூடாது. இருபது வருஷம் எழுதித் தேய்ந்த விதி.

காதில் 'க்ளிக்'. குரல் மெலிந்தது. நான் தோளை விறைத்துக்கொண்டேன். தட்டு விழவில்லை.

"உயிர் ஆபத்துன்னா எந்த வரிசையையும் தாண்டலாம்னு விதி இருக்கு தம்பி" என்று மேடத்தின் குரல் பின்னாலிருந்து வந்தது. "எக்ஸ்சேஞ்சே பேசுறதா வச்சுப் போடுங்க."

திருநெல்வேலியைப் பிடித்து, மதுரையைப் பிடித்து, மதுரைக்காரியிடம் கெஞ்சி மெட்ராசைப் பிடித்தேன். மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. முதலாளி வீட்டில் ஒரு வேலைக்காரர் எடுத்தார். அய்யா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், நாலரைக்குத்தான் எழுந்திருப்பார் என்றார்.

எழுப்புங்கள் என்றேன். முடியாது என்றார். குற்றாலத்தில் வெள்ளம், பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றேன். ஐயையோ என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் எழுப்ப முடியாது. மேடம் லைனில் நுழைந்து, தான் யாரென்று சொல்லி, ரொம்ப மெதுவாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா, நான் அந்தக் கதவைத் தட்டினதே இல்லம்மா" என்றார் அவர்.

அறுநூறு கிலோமீட்டர் கம்பி. இந்த முனையில் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் ஒரு மனிதர், அந்த முனையில் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் ஒரு மனிதர். இருவரும் நல்லவர்கள். நடுவில் நானும் என் கயிறும்.

மெட்ராஸ் லைன் அறுந்துவிட்டது. மேட்டு பங்களா லைன் இன்னும் இருந்தது, ஆனால் கரகரவென்று மண் அரைத்தது. இதுவும் இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று காதுக்குத் தெரிந்தது. "அய்யா கிடைச்சாவளா தம்பி?" என்று மாடசாமி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பச்சைப் பிள்ளையின் அழுகை கேட்டது.

மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். பென்சில் கையில் இல்லை.

"அந்த முதலாளி குரல் உங்களுக்கு வரும்ல?"

"வரும் மேடம்."

"பேசுங்க."

மெமோ கொடுத்த அதே கை, கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டியது. நாலு பேரைச் சிரிக்க வைக்கிறபோது தானாக வந்த குரல், இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ. மேட்டு பங்களா முதலாளி ஒரு செருமலோடுதான் ஆரம்பிப்பார். செருமினேன்.

"மாடசாமி, நான்தான். எல்லாம் சொன்னாங்க. கதவைத் திறந்துவிடு. எல்லாரையும் உள்ளே விடு. பிள்ளைங்களை மேல தூக்கியாச்சா? முதல்ல அதுகளை உள்ள அனுப்பு."



"உத்தரவுங்கய்யா" என்றார் மாடசாமி. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. பிறகு லைன் செத்தது.

மேடம் தன் நாற்காலிக்குப் போய், ஜெபம் செய்கிற மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பெருமையில் இருந்தேன். மறைத்து என்ன? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் கிறுக்குத்தனம் உதவியிருக்கிறது என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மழை விட்டு வழி கிடைத்ததும் குற்றாலத்துக்கு ஓடினேன். பள்ளத்தில் அவுட்ஹவுஸ் வரிசை இல்லை. நிலைக் கதவு ஒன்று மட்டும் தனியாக நின்றது, இந்தப் பக்கமும் வீடு இல்லாமல் அந்தப் பக்கமும் வீடு இல்லாமல். ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. மேட்டு பங்களா ஹாலில் எல்லோரும் சுவரோரமாக முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சாய்வு நாற்காலி காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் மட்டும் கம்பளத்தில் தூங்கின. பேச்சியம்மா தன் சேலை முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் நடக்க நடக்கச் சேறு, அவள் விடவில்லை. மாடசாமி உள்ளே இல்லை. முன்வாசல் படியில் ஈர வேட்டியோடு நின்றிருந்தார். மழை கொட்டிய நேரமெல்லாம் அங்கேதான் நின்றாராம். "சாவி நம்மட்டல்லா இருக்கு தம்பி" என்றார்.

தரைப்பாலம் சரியான பிறகு முதலாளி காரில் வந்தார். ரஞ்சிதம் மேடம் என்னிடம், "வாங்க, நாம முந்திக்கணும்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் லீவு போட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

முதலாளியைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். மேடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். என் உத்தரவில் என் ஆப்பரேட்டர் உங்கள் குரலில் பேசினார், தவறு என்றால் அது என்னுடையது, மாடசாமி மேல் குற்றம் இல்லை என்றார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், சிரித்தார்.

"என் குரலா? எங்கே, பேசுங்க கேட்போம்."

அந்த அழகான ஹாலில், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முன்னாலேயே அவராகச் செருமிப் பேசிக் காட்டினேன். தொடையில் தட்டிச் சிரித்தார். நான் மேடையேறிக் கைதட்டல் வாங்கிய ஒரே சந்தர்ப்பம் அது. என் வேலையும் மேடத்தின் வேலையும் அந்தச் சிரிப்பில் பிழைத்துக்கொண்டன.

மாடசாமி ஹாலுக்கு வெளியே படியில் நின்றார். முதலாளி அவரைப் பார்த்து, நல்ல மனசோடுதான், ஒரு வழியைத் திறந்துவிட்டார்.

"நான்னு நினைச்சுத்தானே திறந்தே? என் பெண்டாட்டியே ஏமாந்திருப்பா. ஆமான்னு சொல்லிட்டுப் போய் வேலையைப் பாரு."

ஒரே ஒரு 'ஆமா'. அதற்குள் அவருடைய வேலை இருந்தது, குடும்பம் இருந்தது, பள்ளத்தில் திரும்ப எழுப்ப வேண்டிய ஏழு வீடு இருந்தது. மேடம் முன்னால் சாய்ந்து அவர் முகத்தையே பார்த்தார். நான் மனசுக்குள், சொல்லும் அண்ணாச்சி, சொல்லும் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மாடசாமி தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இல்லங்கய்யா."

"என்ன இல்ல?"

"உங்க சத்தம் எனக்குத் தெரியாதா அய்யா?"

முதலாளியின் முகத்தில் இருந்த சிரிப்பு, எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"தெரிஞ்சேதான் திறந்தியா?"

"ஆமாங்கய்யா."

மேடம் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தார். முதலாளி அவரைத்தான் கேட்டார்: "தெரிஞ்சே திறந்தவன்கிட்ட எப்படிம்மா சாவியைக் கொடுத்து வைக்கிறது? நீங்களே சொல்லுங்க." மேடம் பதில் சொல்வதற்குள் மாடசாமி சொன்னார்.

"அய்யா சொல்லுறது சரிதான்."

கொத்தை இடுப்புக் கயிற்றிலிருந்து அவிழ்த்துப் படியில் வைத்தார். எறியவில்லை. சத்தம் வராமல் வைத்தார்.

அவுட்ஹவுஸ்களை யாரும் திரும்பக் கட்டவில்லை. யாராவது செத்திருந்தால் பத்திரிகைக்காரன் வந்திருப்பான், கலெக்டர் வந்திருப்பார், ஓட்டு வீடாவது கிடைத்திருக்கும் என்று பேச்சியம்மா ஏசினாள். செத்தால்தானே கணக்கு. உயிரோடு இருந்தவர்களுக்குப் பட்டாவும் இல்லை, வீடு போனதற்கு அத்தாட்சியும் இல்லை. மற்ற முதலாளிகளும் யோசித்தார்கள். பள்ளத்தை நிரப்பிக் கார் நிறுத்த இடம் செய்தார்கள். காவலுக்குத் தென்காசியிலிருந்து சைக்கிளில் வந்துபோகிற ஆட்களை வைத்தார்கள். பேச்சியம்மா மகனோடு பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனாள். "யாரும் இல்ல" என்று சொல்கிறவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை. மேட்டு பங்களாவில் மணி அடித்தால் இப்போது யாரும் சொல்லாமலே யாரும் இல்லை. தெருவில் பங்களாக்கள் இருந்தன. அவை எப்போதும் காலிதான். குடியிருந்தது பள்ளம். அது போன பிறகு தெரு என்று நான் எதைச் சொல்ல?

மாடசாமி புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டலில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். ஒருநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துப்போனேன். அன்றைக்காவது உட்கார்ந்தார். மனசில் கிடந்ததைக் கேட்டேன். என் குரலில் எங்கே பிசகு?

"குரல்ல ஒரு பிசகும் இல்ல தம்பி. அச்சு அசல் அய்யாதான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வேலை போனவர் அவர். "பிள்ளைகளத் தூக்கியாச்சான்னு கேட்டீய பாருங்க. அங்கன பிள்ளைக இருக்குன்னே அய்யாவுக்குத் தெரியாதே."

என் முதல் மேடை நாடகம் அந்த ஒரே கேள்வியில் கவிழ்ந்திருக்கிறது. அது தெரியாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"பின்ன ஏன் திறந்தீங்க?"

"யாராவது ஒருத்தர் சொல்லணும்லா. சொல்லிட்டாவ. யாருன்னு பாக்கத் தண்ணி விடல."

"அப்ப அவர் கேட்கையில ஆமான்னு சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. ஒரு வார்த்தை."

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தன வருசமா அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சு நின்னிருக்கேன். அது எதுன்னு எனக்கு அடையாளம் தெரியாமப் போச்சுன்னு, அவுக மூஞ்சிக்கு நேர எப்படிச் சொல்ல? அப்படிச் சொன்னா நான் என்ன காவக்காரன்?"

புளியறை பஸ் வந்தது. ஏறி, இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.

அடுத்த வருஷம் ஆனி கடைசியில் மெட்ராசிலிருந்து மேட்டு பங்களாவுக்கு ஒரு கால் வந்தது. என் போர்டில்தான் விழுந்தது. மணி அடித்தேன். எடுக்க ஆளில்லை. சைக்கிள் காவல்காரர் வெளியே போயிருப்பார், அல்லது வந்திருக்கவே மாட்டார். "பதில் இல்லை சார்" என்றேன்.

செருமல் கேட்டது. "அடிச்சுக்கிட்டே இருங்க. சாரல் ஆரம்பிச்சிருச்சான்னு ஒரு வார்த்தை கேட்கணும். மாடசாமி பின்னால இருப்பான். ஓடிவந்து எடுப்பான்."

நான் மணியை நிறுத்தினேன். "சார், பின்னால இப்ப வீடு இல்ல" என்றேன். என் சொந்தக் குரலில்தான்.

"ஆமா, ஆமா" என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "எதுக்கும் இன்னும் ரெண்டு மணி அடிச்சுப் பாருங்களேன்" என்றார்.

அடித்தேன். எக்ஸ்சேஞ்ச் ஜன்னலுக்கு வெளியே பூந்தூறலாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.